லெவன்த்தை முழுங்கின ஊரும் ஒரு இருமல் மருந்தும்

நீளமான இழை. நடுவுல கெமிஸ்ட்ரி வரும், கொஞ்சம் பொறுத்துக்கங்க. நாமக்கல், சேலம் பக்கம் ப்ளஸ் ஒன் படிக்கிற பிள்ளை உங்க வீட்டுல இருந்தா மட்டும் தயவுசெய்து பாதியில ஓடிடாதீங்க.

காலாண்டு லீவு சமயம். ஓ.பி.க்கு ஒரு அம்மாவும் பொண்ணும் வந்திருந்தாங்க. (யாருன்னு தெரியாம இருக்க சிலதை மாத்தியிருக்கேன்.) பொண்ணு ப்ளஸ் ஒன், ஹாஸ்டல். வயித்தெரிச்சல், தலைவலி, தூக்கமில்லை. காலையில நாலரைக்கு எழுப்பிவிட்டு ராத்திரி பதினொண்ணு வரைக்கும் ஸ்டடி ஹால்ல உட்கார வெச்சா யாருக்கும் வர்ற வியாதிதான். மாத்திரை எழுதிட்டிருந்தேன்.

அந்த வாரம் முழுக்க டிவில ஒரே செய்தி, கோல்ட்ரிஃப் இருமல் சிரப். அந்தம்மா கேட்டாங்க, "ஏனுங்க சார், அந்த மருந்துல அப்படி என்னங்க கலந்துட்டாங்க? எங்க தங்கச்சி வீட்டுல சின்னக் குழந்தை இருக்குதுங்க."

"டைஎத்திலீன் கிளைக்கால்னு ஒண்ணுங்கம்மா"ன்னு சொல்லிட்டு பொண்ணு பக்கம் திரும்பினேன். "கண்ணு, நீ சயின்ஸ் க்ரூப்தானே? கிளைக்கால்னா என்ன, அதுல என்ன தொகுதி இருக்கும், சொல்லு பார்ப்போம்."

அது கொஞ்சமும் யோசிக்காம சொல்லுச்சு: "அது லெவன்த் சார். எங்களுக்கு ட்வெல்த் போர்ஷன் ஆரம்பிச்சுட்டாங்க."

படிக்கிறது லெவன்த். சேர்ந்து நாலு மாசம்தான் ஆகுது.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனா ஆச்சரியம் வரல. ஏன்னா நானும் அப்படித்தான் படிச்சேன். 2009-ல ப்ளஸ் டூ முடிச்சவன் நான். அப்போ நுழைவுத் தேர்வு கிடையாது, நீட் கிடையாது. ப்ளஸ் டூ மார்க்தான் எம்.பி.பி.எஸ். சீட். எங்க பள்ளிக்கூடத்துல (பேர் வேண்டாம், அந்தக் காலத்துல இந்தப் பக்கம் பாதிப் பள்ளிக்கூடம் அப்படித்தான்) லெவன்த் ஜூன் மாசமே ட்வெல்த் பாடத்தைத் தொடங்கிட்டாங்க. ஒரே புக்கை ரெண்டு வருஷம். எழுதி எழுதி, டெஸ்ட் வெச்சு டெஸ்ட் வெச்சு, கமா முதற்கொண்டு மனப்பாடம். என் லெவன்த் கெமிஸ்ட்ரி புக்ல ஒரு பென்சில் கோடு கூட விழல. புது வாசனையோடவே பழைய பேப்பர்காரர் தராசுல ஏறிப் போச்சு.

பிராய்லர் பள்ளிக்கூடம்னு ஊரே கிண்டல் பண்ணும். நாமக்கல்காரன்கிறதால கோழிப் பண்ணையைப் பத்தி எனக்குக் கொஞ்சம் தெரியும். பண்ணைக்காரர் கோழிக்கு எந்தத் தீவனத்தையும் ஒரு வயசு விட்டு இன்னொரு வயசுல போட மாட்டார். குஞ்சுக்கு உள்ளது குஞ்சுக்குத்தான். கோழிக்குக் காட்டின அக்கறையைக்கூட எங்களுக்குக் காட்டல.

சரி, அந்த லெவன்த் புக்ல அப்படி என்னதான் இருக்கு?

ஆர்கானிக் கெமிஸ்ட்ரியோட அஸ்திவாரமே அங்கதான் இருக்கு. குறிப்பா, ஒரு சேர்மத்துக்கு ஐயூபேக் முறையில பேர் வைக்கிறது. அதுலயும், ஒரே மூலக்கூறுல ரெண்டு மூணு வினைசெயல் தொகுதி இருந்தா எப்படிப் பேர் வைக்கிறதுன்னு ஒரு பகுதி. பெரும்பாலானவங்க வெறுக்கிற பகுதி. "வாழ்க்கைல எங்கடா இதெல்லாம் யூஸ் ஆகும்"னு மீம் போடுறாங்களே, அதே பகுதி.

ஆகும். எங்க ஆகும்னு சொல்றேன்.

முதல்ல விதி. கல்யாணப் பத்திரிகையைப் பாருங்க. ஒரே மனுஷன் ஊர்ல தர்மகர்த்தா, சங்கத்துல பொருளாளர், படிப்பு எம்.ஏ., பி.எட். எல்லாத்தையும் பேருக்குப் பின்னாடி போட முடியாது. பெரிய பட்டம் ஒண்ணு பின்னாடி நிற்கும், மத்ததெல்லாம் முன்னாடி போய் உட்காரும். கரிமச் சேர்மத்துக்கும் அதே ஏற்பாடு. ஒரு மூலக்கூறுல அமிலத் தொகுதியும் ஆல்கஹால் தொகுதியும் சேர்ந்து இருந்தா, பேரோட வால்ல அமிலம்தான் நிற்கும். ஆல்கஹால் "ஹைட்ராக்சி"ங்கிற முன்னொட்டா சுருங்கி முன்னாடி போயிடும். கார்பனுக்கு நம்பர் போடும்போதும் அந்தப் பெரியவருக்குத்தான் சின்ன எண், பந்தியில முதல் இலை மாதிரி. முன்னொட்டுகளுக்குள்ள யார் முதல்லன்னு சண்டை வந்தா ஆங்கில அகர வரிசை. ஈதர், குளோரின், நைட்ரோ மாதிரி சிலதுக்கு வால்ல இடமே கிடையாது. எப்பவும் முன்னொட்டுதான், பாவம்.

யார் பெரியவர்னு ஒரு முன்னுரிமை வரிசை இருக்கு. கார்பாக்சிலிக் அமிலம் உச்சியில. அதுக்குக் கீழ எஸ்டர், அமைடு, நைட்ரைல், ஆல்டிஹைடு, கீட்டோன், ஆல்கஹால், அடியில அமீன். நடுவுல இன்னும் சிலது உண்டு. இந்த வரிசையைத்தான் இன்னிக்குக் கோச்சிங் சென்டர்ல சினிமாப் பாட்டு மெட்டுல பாடி மனப்பாடம் பண்ண வைக்கிறாங்க. "ஏன் இந்த வரிசை?"ன்னு கேட்டா, "ஒரு கேள்விதான் வரும், ட்ரிக் போதும்"னு பதில்.

நான் இந்த வரிசையை முதன்முதல்ல புரிஞ்சுக்கிட்டது ஹவுஸ் சர்ஜன் காலத்துல, ஒரு கேஸ் ஷீட்டோட பின்பக்கத்துல. மெத்தனால் விஷம் பத்தி ரவுண்ட்ஸ்ல எங்க புரொஃபஸர் கேட்டார். நான் பாடப்புத்தகத்துல இருந்ததை அப்படியே ஒப்பிச்சேன். அவர் ஒண்ணும் பேசாம பேனாவை எடுத்து மூணு பேர் எழுதினார்.

மெத்தனால். மெத்தனேல். மெத்தனாயிக் அமிலம்.

"என்ன மாறுது?"ன்னு கேட்டார். வால் மட்டும்தான் மாறுது. ஆல்கஹால், ஆல்டிஹைடு, அமிலம். "உன் லிவர் அந்த வரிசையில கீழ இருந்து மேல ஏறிட்டு இருக்கு. விஷம் கீழ இல்ல, மேல இருக்கு." அவ்வளவுதான் சொன்னார். அடுத்த பெட்டுக்குப் போயிட்டார்.

இருபத்து மூணு வயசுல எனக்கு நடந்த லெவன்த் கெமிஸ்ட்ரி கிளாஸ் அது.

முழு அட்டவணையும் இப்படி ஆக்சிஜனேற்றப் படிக்கட்டுன்னு நினைச்சுடாதீங்க. அமீன் கணக்கெல்லாம் வேற. ஆனா ஆல்கஹால், ஆல்டிஹைடு, அமிலம் என்கிற இந்த மூணு படி நம்ம கல்லீரல் தினமும் ஏறுற படி. மெத்தனால் குடிச்சவருக்கு முதல் சில மணி நேரம் சாதாரண போதை மாதிரிதான் இருக்கும். மெத்தனாயிக் அமிலம் சேர்ந்த பிறகுதான் ரத்தம் அமிலமாகி, கண்ணு மங்கும். அதனாலதான் மருந்தா எத்தனாலோ ஃபோமிபைசோலோ கொடுக்கிறோம். ரெண்டும் முதல் படியில நிற்கிற நொதியைப் பிடிச்சு வெச்சுக்கும். மெத்தனால் மேல ஏறாது. சிகிச்சையோட மொத்தத் தர்க்கமும் அந்த மூணு பேருக்குள்ள இருக்கு.

2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்களே, அப்போ சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கும் ஆம்புலன்ஸ் ஆம்புலன்ஸா வந்து இறங்கினாங்க. நம்ம ஊர் டாக்டர்களும் நர்ஸுகளும் அந்த ராத்திரிகள்ல பார்த்தது அந்த மூணாவது பேரைத்தான்.

இப்ப கோல்ட்ரிஃப்புக்கு வரேன்.

சிரப்புல எழுதியிருந்த மருந்துகள் பாராசிட்டமால், ஃபீனைல்எஃப்ரின், குளோர்பெனிரமின். குழந்தைகளைக் கொன்னது இதுல எதுவும் இல்ல. இதையெல்லாம் கரைக்கிற திரவம். புரொப்பிலீன் கிளைக்கால் இருக்க வேண்டிய சிரப்புல டைஎத்திலீன் கிளைக்கால். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். நம்ம தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆய்வகத்துல வந்த அளவு 48.6 சதவீதம். கிட்டத்தட்ட பாதி பாட்டில். 2025 செப்டம்பர், அக்டோபர்ல மத்தியப் பிரதேசத்துல, பெரும்பாலும் சிந்த்வாரா மாவட்டத்துல, 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து போயிட்டாங்க. தயாரிச்சது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல, சுங்குவார்சத்திரத்துல இருந்த ஸ்ரீசன் நிறுவனம். எழுதிக் கொடுத்த டாக்டரையும் கைது பண்ணாங்க. அதைப் படிச்ச அன்னிக்கு எங்க டியூட்டி ரூம்ல யாரும் சரியா சாப்பிடல.

இப்ப இந்தப் பேர்களைக் கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. எத்திலீன் கிளைக்கால். டைஎத்திலீன் கிளைக்கால். புரொப்பிலீன் கிளைக்கால். பாலிஎத்திலீன் கிளைக்கால். ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரி இருக்கா? முதல் ரெண்டும் விஷம். அடுத்த ரெண்டும் மருந்துல போடுறது. எல்லாமே நிறமில்லாத திரவமா வரும் (கடைசியில உள்ளது மெழுகாவும் வரும்). பார்த்து, மோந்து கண்டுபிடிக்க முடியாது. டைஎத்திலீன் கிளைக்கால் இனிக்கவும் செய்யும், அதனால குழந்தை துப்பாது.

ஐயூபேக் பேரைச் சொல்லுங்க. புரொப்பிலீன் கிளைக்கால் புரப்பேன்-1,2-டையால். மூணு கார்பன் சங்கிலி, ரெண்டு ஆல்கஹால், வேற ஒண்ணுமில்ல. டைஎத்திலீன் கிளைக்கால் 2-(2-ஹைட்ராக்சிஎத்தாக்சி)எத்தன்-1-ஆல். ஒரு ஆல்கஹால் வால்ல, இன்னொண்ணு ஹைட்ராக்சியா முன்னாடி, நடுவுல "எத்தாக்சி"ன்னு ஒரு ஈதர். பேரைக் கேட்ட உடனே இது வேற வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சுடும். வழக்குப் பேர் மறைச்சதை முறைப்பேர் காட்டிக் கொடுக்குது.

இன்னொரு படி போங்க. உடம்புக்குள்ள போனதும் அதே நொதிகள், அதே படிக்கட்டு. ஒரு முனை அமிலமாச்சுன்னா பேர் 2-(2-ஹைட்ராக்சிஎத்தாக்சி)எத்தனாயிக் அமிலம். வால் மாறிடுச்சு பாருங்க. மிச்சமிருக்கிற முனையும் அமிலமாச்சுன்னா டைகிளைக்காலிக் அமிலம், சிறுநீரகக் குழாய்ச் செல்களைக் கொல்றது அதுதான். அந்தக் குழந்தைங்களுக்கு மூத்திரம் நின்னு போனதுக்குக் காரணம் அந்த வால் மாற்றம்.

லெவன்த் கெமிஸ்ட்ரி ஒழுங்கா நடத்தியிருந்தா அந்தக் குழந்தைங்க பிழைச்சிருக்கும்னு நான் சொல்ல வரல. அது டெஸ்ட் பண்ணாம டிரம்மைத் திறந்து ஊத்தினவங்க குற்றம், டெஸ்ட் பண்ணாங்களான்னு பார்க்காதவங்க குற்றம். ஆனா அந்தக் கம்பெனியில கெமிஸ்டா வேலை செய்யறவங்க, ட்ரக் இன்ஸ்பெக்டர், மருந்துக்கடை ஃபார்மசிஸ்ட், எழுதிக் கொடுக்கிற என்னை மாதிரி டாக்டர், எல்லாரும் ஏதோ ஒரு ப்ளஸ் ஒன் வகுப்பறையிலிருந்து வந்தவங்கதானே? அந்த வகுப்பறையில அந்தப் பாடம் நடந்துச்சா இல்லையாங்கிறது யாருக்கும் கவலையில்லாத விஷயமா போச்சே, அதைத்தான் கேக்கறேன்.

இது புது விஷயமும் இல்ல. 1937-ல அமெரிக்காவுல சல்ஃபனிலமைடு மருந்தை இதே டைஎத்திலீன் கிளைக்கால்ல கரைச்சு வித்து 100 பேருக்கு மேல செத்தாங்க. அதுக்கப்புறம்தான் அங்க 1938 மருந்துச் சட்டமே வந்துச்சு. 1970-களோட தொடக்கத்துல நம்ம சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில, 1986-ல மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில, 2020-ல ஜம்முவுல, 2022-ல காம்பியாவுல. அதே விஷம், அதே சிறுநீரகம்.

"டாக்டர், நீங்க என்ன ப்ரிஸ்கிரிப்ஷன்ல ஐயூபேக் பேரா எழுதுறீங்க?"ன்னு கமெண்ட்ல யாராவது வருவீங்க. எழுதல. எழுத வேண்டியதும் இல்ல. பாராசிட்டமாலுக்கு என்-(4-ஹைட்ராக்சிபீனைல்)எத்தனமைடுன்னு எழுதிக் கொடுத்தா ஃபார்மசிஸ்ட் அக்கா சீட்டைத் திருப்பி அனுப்பிடுவாங்க. ஆனா ஒரு கதை கேளுங்க. செப்டம்பர்ல அமெரிக்க அதிபர் "கர்ப்பிணிகள் டைலெனால் சாப்பிடாதீங்க, அதுல இருக்கிற அசிட்டமினோஃபென் ஆபத்து"ன்னு பேசினார் இல்ல? மறுவாரம் ஏ.என்.சி. கிளினிக்ல ஒரு பொண்ணு, காலேஜ் படிச்சவங்க, கேட்டாங்க: "சார், நான் அசிட்டமினோஃபென் தொட மாட்டேன். பாராசிட்டமால் மட்டும் குடுங்க."

ரெண்டும் ஒண்ணுதான். பாரா-அசிட்டைல்அமினோஃபீனால்னு ஒரு நீளப் பேர். அதோட முன்பக்கத்தையும் நடுவுலயும் வாலுலயும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி எடுத்து பாராசிட்டமால்னு நாம வெச்சோம். அசிட்டைல், அமினோ, ஃபீனால் மூணையும் வெட்டி ஒட்டி அசிட்டமினோஃபென்னு அவங்க வெச்சாங்க. இதைச் சொன்னதும் அந்தப் பொண்ணு சிரிச்சுட்டாங்க. (கர்ப்ப காலத்துல காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவுல பாராசிட்டமால் சாப்பிடலாம். காய்ச்சலை அப்படியே விடுறதுதான் ஆபத்து. இழைக்கு நடுவுல இதையும் சொல்லிடறேன்.)

இப்ப அரசாங்கத்துக்கிட்ட வரேன், ஏன்னா இந்த இழையை எழுத வெச்சதே அதுதான்.

லெவன்த் பாடத்தைத் தனியார் பள்ளிகள் முழுங்குறதைத் தடுக்கத்தான் 2017-18-லிருந்து ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்துச்சு. நல்ல முடிவு. அடுத்த வருஷமே "உயர்கல்விக்கு ப்ளஸ் டூ மார்க் மட்டும் போதும்"னு அதோட பல்லைப் பிடுங்கிட்டாங்க. பரவாயில்ல, தேர்வுன்னு ஒண்ணாவது இருந்துச்சு. பாஸ் ஆகணுமேன்னு புக்கைத் திறந்தாங்க. 2025 ஆகஸ்ட்ல மாநிலக் கல்விக் கொள்கை வந்துச்சு, இந்தக் கல்வியாண்டிலிருந்தே ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாதுன்னு ஆயிடுச்சு.

காரணம், மாணவர்களோட மன அழுத்தம். அந்தக் காரணத்தை நான் கேலி பண்ண மாட்டேன். தேர்வு பயத்துல கையை அறுத்துக்கிட்டு வந்த பிள்ளைங்களுக்கு நானே தையல் போட்டிருக்கேன். மூணு வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வுங்கிறது சுமைதான். ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தச் சுமை இறங்கினதா அந்த ஹாஸ்டல் பொண்ணுக்கு? லெவன்த் தேர்வு போன இடத்துல ட்வெல்த் டெஸ்ட் வந்து உட்கார்ந்துக்கிச்சு. நாலரை மணி அலாரம் அப்படியேதான் இருக்கு. வயித்தெரிச்சல் மாத்திரை எழுதறவன் நான், எனக்குத் தெரியும்.

இதுல நிஜமா அடி வாங்கறது யாருன்னா, லெவன்த்தை ஒழுங்கா நடத்துற பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க. கொல்லிமலை அடிவாரத்துல, எடப்பாடி பக்கத்துல, அரசு மேல்நிலைப் பள்ளியில ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர் லெவன்த்துல லெவன்த் பாடத்தையும் ட்வெல்த்துல ட்வெல்த் பாடத்தையும் நடத்துவாங்க. அவங்க பிள்ளைங்களுக்கு ட்வெல்த் பாடம் படிக்க ஒரு வருஷம். எங்களுக்கு ரெண்டு வருஷம். 2009-ல நான் வாங்கின கட்-ஆஃப் அப்படி வந்தது. அந்த சீட் யாரோ ஒரு அரசுப் பள்ளிப் பையனுக்கோ பொண்ணுக்கோ கிடைச்சிருக்க வேண்டியதான்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். பதில் வசதியா இல்ல. (நீட் வேணுமா வேண்டாமாங்கிற சண்டைக்கு இந்த இழையை இழுக்காதீங்க. நீட்ல லெவன்த் பாடம் கேக்கறாங்க, அதனால லெவன்த் நடக்குதுன்னு சொல்றவங்களுக்கு: நடக்கறது பாட்டு மெட்டும் ட்ரிக்கும். மேல சொல்லிட்டேன்.)

தேர்வை ரத்து பண்ணியாச்சு, சரி. அப்ப லெவன்த் வகுப்புல லெவன்த் நடக்குதான்னு யார் பார்க்கப் போறா? மாவட்டக் கல்வி அலுவலர் வருஷத்துக்கு ஒருநாள் முன்கூட்டியே சொல்லிட்டு வந்தா, அன்னிக்கு மட்டும் மேசை மேல லெவன்த் புக் இருக்கும். சொல்லாம வாங்க. பிள்ளைங்க நோட்டைத் திறங்க, தேதியைப் பாருங்க. செப்டம்பர் தேதியில ட்வெல்த் பாடம் இருந்தா நடவடிக்கை எடுங்க. புதுச் சட்டம் எதுவும் வேண்டாம், ஒரு ஜீப்பும் கொஞ்சம் மனசும் போதும்.

பெத்தவங்களே, உங்ககிட்டயும் கோபம்தான். ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட ரிக் வண்டியோட வடக்க போய் மாசக்கணக்குல தூசியில கிடக்கறீங்க, பண்ணையை அடமானம் வைக்கறீங்க, தெரியும். ஆனா சேர்க்கும்போது "போன வருஷம் எத்தனை சீட்டு?"ன்னு மட்டும் கேக்கறீங்க. "லெவன்த் எப்போ நடத்துவீங்க?"ன்னு ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததில்ல. கேட்டா "அட்வான்ஸ் கோச்சிங்"னு ஒரு அழகான பேர் சொல்வாங்க. அதுவும் கிளைக்கால் மாதிரிதான், பேர் ஒண்ணு, உள்ள இருக்கிறது வேற.

அந்த அம்மா போன வாரம் அவங்க பிரஷர் மாத்திரைக்கு மறுபடி வந்தாங்க. பைக்குள்ளயிருந்து ஒரு கசங்கின லெவன்த் கெமிஸ்ட்ரி புக்கை எடுத்தாங்க, ரெண்டாம் தொகுதி. "பக்கத்து வீட்டுப் பையனோடதுங்க சார், அவன் கவர்மென்ட் ஸ்கூலு. ஹாஸ்டலுக்குக் கொண்டு போய்க் குடுத்துட்டு வரேன். அன்னிக்கு நீங்க கேட்டது இதுல எந்தப் பாடமுங்க?"

பதினோராவது பாடம். பக்கத்தைப் புரட்டினேன். அந்தப் பையன் ஏற்கனவே ஓரமெல்லாம் பென்சில்ல பேர் எழுதிப் பார்த்திருந்தான். ஒரு இடத்துல மட்டும் ஹைட்ராக்சியை வால்ல போட்டிருந்தான், அடிச்சுட்டு முன்னாடி எழுதியிருந்தான்.